கூடத்துச் சுவரில் ஓர் ஆணி

தம்பி,

துளையிட்ட சிமெண்ட் தூளின் வாசனை காலையிலிருந்து கூடத்தை விட்டுப் போகவில்லை. உன் படத்தை மாட்டினோம். ஐப்பசி மழையில் உன் பைக் சறுக்கியதிலிருந்து அது மேசைமேல்தான் கிடந்தது. சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள்.

இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரிதான் வந்திருந்தார். அவர் டிரில்லிங் மெஷினைத் தூக்கியதும், "இருப்பா" என்றேன். மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. எந்த இடத்தில் என்று அவருக்கும் நினைவில்லை. நீ இருந்திருந்தால் புதுச்சேரியில் உன் ஆபீசுக்கு ஒரு போன் போதும்.

கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருடம், நான் ஓய்வு பெற்ற புதிது. அஸ்திவாரம் தோண்டுமுன்பே இந்த வீட்டைக் கம்ப்யூட்டரில் நீ கட்டி முடித்திருந்தாய். வாசல் வழியாக நுழைந்து மாடிவரை எங்களைச் சுற்றிக் காட்டினாய். "ஏம்பா, செருப்பக் கழட்டிட்டுப் போ" என்று உன் அண்ணி கிண்டல் செய்தாள்.

மேஸ்திரியும் விடவில்லை. "கம்ப்யூட்டர்ல செங்கல் அடுக்குனா மழை தாங்குமா சார்?"

நீ திரையில் சுவரை மட்டும் மறைத்தாய். மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய் நேராகப் போய் பீமில் முட்டி நின்றது. மேஸ்திரி குனிந்து பார்த்தார். "கட்டினப்புறம் பார்த்திருந்தா ஒடைச்சித்தான் ஆவணும்" என்றார், குரல் இறங்கி.

"உப்பளக் காத்து அண்ணே. செவுத்த ஒருதரம் ஒடைச்சா, பூசுன எடம் பொரிஞ்சிக்கிட்டே இருக்கும். உள்ள என்ன ஓடுதுன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியணும்" என்று அவரிடம் சொன்னாய். வகுப்பில் நான் மாட்டிவந்த மனித உடல் படம் நினைவுக்கு வந்தது. தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாய்களை அதில்தானே பிள்ளைகளுக்குக் காட்டுவேன். அதைச் சொன்னதும், "அதேதான் வாத்தியாரே!" என்று சிரித்தாய்.

இன்று நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் அந்தச் சுவரை மறைத்துப் பார்த்தேன். குழாய் நீலமாக ஏறியது. ஆனாலும் பயம். கட்டும்போது மேஸ்திரி அதை ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார். நீ அதைக் கம்ப்யூட்டரில் திருத்தினாயா? பிறகுதான் நினைவு வந்தது. பூசாத சுவரை அளக்க, டேப்பும் கையுமாக மழையில் நனைந்து வந்தாய். "மாறினதெல்லாம் இதுல ஏறணும் அண்ணே. இல்லன்னா இது வெறும் படம்" என்று மேஸ்திரியைக் கடிந்துகொண்டாய்.

திருத்தியிருந்தாய். திரையில் குழாய் சன்னல் ஓரமாகத் தள்ளி இருந்தது.

துளையிட்டதில் உலர்ந்த தூள்தான் கொட்டியது. உன் அண்ணி கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் படத்தைக் கொடுத்தாள். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் போனபின் மறுபடியும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மாறினதெல்லாம் ஏற வேண்டுமே. எப்படி ஏற்றுவது என்று நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய். மனசு வரவில்லை, தம்பி. இந்த ஓர் ஆணியை மட்டும் நான் சேர்க்கவில்லை. கம்ப்யூட்டரில் நீ கட்டிய அந்த வீட்டிலாவது அந்தச் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும்.