மூடியில் எழுதியிருந்தது

கீழ்வீட்டில் காலையிலிருந்து தரை அரைக்கிறார்கள். ஈரச் சிமெண்டு அரைபடும் வாடை சன்னல் வழியே ஏறி என் காப்பிக்குள்ளேயே விழுந்துவிட்டது. உன்னை நினைக்கக் கூடாதென்று சன்னலைச் சாத்தினேன். பயனில்லை.

கடல் தாண்டிப் பிழைக்க வந்து ஜாலான் புசாரில் ஆறு ஆண்டு ஒரே அறையில் படுத்துக் கிடந்தோம். உனக்கு எழுத்து தெரியாது. ஊரிலிருந்து உன் மனைவி எழுதும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். அதனால் நான் உனக்கு வாத்தியார். நாம் இருவரும் செய்த தரை அரைக்கும் வேலையில் நீதான் கெட்டிக்காரன். அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, எனக்கு அதுவே எரிச்சல். ஆணியால் தரையில் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுத்தான் அரைக்கும் கல்லைத் தேர்ந்தெடுப்பாய்.

"இறுகின தரைக்கு மெத்துக் கல்லு, பொடியுற தரைக்குக் கெட்டிக் கல்லு. மாத்திப் போட்டா கல்லு சும்மா வழுக்கும்டா" என்பாய். மெத்துக் கல் தேயத் தேயப் புது முனை வெளியே வரும் என்பது உன் கணக்கு. அது தப்பியதே இல்லை.

ஜூரோங்கில் தொழிற்சாலைகள் எழும்பிய காலம் அது. நம்மை வேலை வாங்கிய மண்டோர் ஒரு நாள் புதுக் கூடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார்.

"சாப்பாட்டு நேரத்துக்குள்ள யாரோட பாதி முடியுதோ, அவனுக்குப் பெர்மனண்ட் வேலை. ஒரு இடந்தான் இருக்கு லா" என்றார்.

நிரந்தர வேலை இருந்தால்தான் மனைவியை ஊரிலிருந்து கூப்பிட முடியும். உனக்கும் ஒருத்தி காத்திருந்தாள், எனக்கும் ஒருத்தி காத்திருந்தாள்.

அன்றுதான் கல்லுக்குப் பதிலாக வைரத்தூள் பதித்த தட்டுகள் முதன்முதலாக வந்திருந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம். தொட்டுப் பார்த்து உன்னால் பிரிக்க முடியவில்லை. எது எந்தத் தரைக்கு என்பது பெட்டி மூடியில் ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் எனக்குப் படிக்க வரும். நீ ஆணியால் கீறினாய். கோடு விழவே இல்லை.

"நல்லா இறுகிக் கெடக்கு. இதுக்கு எந்தப் பெட்டி, வாத்தியாரே?"

பொடியும் தரைக்கான பெட்டியை எடுத்து உன்னிடம் நீட்டினேன். மூடியை நன்றாகப் படித்துவிட்டுத்தான் நீட்டினேன்.

உன் தட்டு வழுக்கியது. இயந்திரத்தின் மேல் உடம்பையே சாய்த்து அழுத்தினாய். தட்டுதான் பளபளத்தது, தரை அப்படியே கிடந்தது. நீ வேர்வையில் நனைவதைப் பார்த்துக்கொண்டே என் பாதியை முடித்தேன். பார்க்கச் சுகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். செத்தவனிடம் என்ன மறைப்பு?

மாலையில் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "சரியாத்தானே படிச்ச?" என்று கேட்டாய்.

"சந்தேகமா இருந்தா வேற யாருகிட்டயாவது காட்டு."

"சேச்சே, உன்னைப் போயா" என்றாய்.

என் மனைவி கப்பலில் வந்து இறங்கினாள். நீ அதே அறையில் கிடந்தாய். கடிதம் வந்தால் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். என் மனைவி உனக்குக் காப்பி கொடுப்பாள், நான் படிப்பேன். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: 'எப்போது என்னைக் கூப்பிடுவீர்கள்?' ஒரு எழுத்தும் விடாமல் படித்தேன். உன் மனைவி ஊரிலேயே கண்ணை மூடும்வரை படித்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். பழத்தை நீ தொடவில்லை.

"அந்த மூடிய அன்னிக்கே ஒருத்தர்கிட்ட காட்டிட்டேன், வாத்தியாரே."

"அப்புறம் ஏன் கடுதாசியெல்லாம் என்கிட்டயே கொண்டாந்த?"

"மண்டோர்கிட்ட சொல்லியிருந்தா உன் தண்டனை ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். அவ கேக்குறத உன் வாயால நீ படிக்கணும். வருசா வருசம் படிக்கணும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டாலும் நீ தரமாட்டாய். கீழே இன்னும் அரைக்கிறார்கள். காப்பி ஆறிப்போச்சே, வேற போடவா என்று என் மனைவி கேட்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் உன் மனைவியின் அந்த வரிதான் வருகிறது: எப்போது என்னைக் கூப்பிடுவீர்கள்?