அடுப்பேறாத மிட்டாய்

கையில் நெய் தடவிக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காத என் நைனாவுக்கு,

கௌரி எழுதுகிறேன். தீபாவளி முடிந்துவிட்டது. நீ போன பிறகு வந்த முதல் தீபாவளி. அது எப்படிக் கழிந்தது என்று உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதைக் கேட்டு முதலில் சிரிக்க வேண்டியது நீதான்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டர் சொன்னபடி அவள் நடப்பதில்லை. மேனாம்பேட்டில் நம் தெருவில் வழக்கம்போல மழைத் தண்ணீர் நின்றது, வழக்கம்போல வடிந்தது. மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் சுபா இன்னும் வீட்டிலிருந்தேதான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். உன் ஸ்கூட்டரை நான் பூந்தமல்லிக்கு எடுத்துப் போய்விட்டேன். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. நீ அதனிடம் என்ன சொல்லிக் கொஞ்சுவாய் என்று கேட்டு வைத்திருக்கலாம்.

உன் காரியம் நடந்த அன்று சேக்காட்டு அத்தை கூடத்தில் நின்று ஒன்று சொன்னாள். "வள்ளி, ஒரு வருஷத்துக்கு இந்த ஊட்ல சட்டி வைக்கக் கூடாது. நல்ல நாளுக்கு நாங்க இன்னா கொண்டாறமோ அதான்." அம்மா தலையை ஆட்டினாள். துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பலகாரம் சுடுவதில்லை, உறவுக்காரர்கள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது நம் வழக்கம். அந்த விஷயத்தில் அத்தையைவிடக் கண்டிப்பான ஆள் கிடையாது. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா அவள். எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது அவளுக்கு.

மாசியில் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. ஐப்பசி வந்தபோதுதான் அம்மாவுக்கு அது உறைத்தது. எதிர்வீட்டில் அதிரசம் சுடுகிறார்கள், பக்கத்து வீட்டில் முறுக்கு பிழிகிறார்கள், தெரு முழுக்க எண்ணெய் வாசனை. அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். போனில் என்னிடம் சொன்னாள். "சும்மா குந்திகினு கீறேன்டி. யாரோ ஊட்டுக்கு வந்துட்டாப்பல கீது." என்னால் அதற்கு மேல் பூந்தமல்லியில் இருக்க முடியவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டேன். இந்தப் பண்டிகையை அம்மா அப்படி உட்கார்ந்தே கழித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

படியில் சுபா என்னைப் பார்த்தாள். அவளுக்கு நம் வழக்கம் தெரியாது. "அக்கா, அங்கிள் மிட்டாய் இந்த வருஷம்..." என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்கும் அது காதில் விழுந்தது.

நீ மிட்டாய்க்காரன் ஆன கதையை இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு தீபாவளிக்கு மைசூர்பாகு செய்கிறேன் என்று இறங்கி, அம்மா பிறந்தவீட்டிலிருந்து கொண்டுவந்த இருப்புச் சட்டியைக் கரியாக்கினாய். பாகு சட்டியோடு ஒட்டிக்கொண்டது. நீ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன் அல்லவா, உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாய். சட்டி இரண்டாக விண்டுபோனது. "இன்னிலேந்து அடுப்பாண்ட உங்க நெழலு பட்டுச்சின்னா நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போயினே இருப்பேன்" என்றாள் அம்மா. நீ அசரவே இல்லை. "சரி, அடுப்பு உன்னுது. மேசை என்னுது. அடுப்பில்லாமலே செஞ்சி காட்றேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தாய்.

அப்புறம் வருஷா வருஷம் அதே கூத்துதான். பொட்டுக்கடலையைப் பொடித்து, பால் பவுடரும் கோகோவும் கொப்பரைத் தூளும் கலந்து, டின் பாலை விட்டுப் பிசைந்து உருட்டுவாய். யாரும் செய்துவிடலாம். ஆனால் நீ உருட்டிய உருண்டையை லேத் பட்டறையில் அளவு பார்க்கும் வெர்னியரை வைத்து அளந்து, அரை நூல் கூடினால் பிய்த்து மறுபடி உருட்டுவாய் பார், அதை யாராலும் செய்ய முடியாது. மிட்டாயைக் கலர் கண்ணாடித் தாளில் சுற்றி இரண்டு முனையையும் நட்டை டைட் பண்ணுவது போல முறுக்குவாய். பிரிக்கவே வராது. பல்லால் கடித்துத்தான் இழுக்க வேண்டும். "மிட்டா துன்றதுக்கு ஸ்பேனரும் சேத்துக் குட்த்துடுங்க" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். நீ சிரித்துக்கொண்டே அடுத்ததை இன்னும் இறுக்குவாய்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கண் அசந்திருந்தேன். அம்மா வந்து காலைத் தட்டினாள்.

"ஏய் கௌரி. உங்க அத்த இன்னா சொல்லிட்டுப் போச்சி?"

"எதைக் கேக்கற?"

"சட்டி வைக்கக் கூடாதுன்னுதான சொல்லிச்சி. உங்க நைனா மிட்டாய்க்கு ஏதுடி சட்டி?"

நான் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. வழக்கு பேசுகிற வக்கீல் மாதிரி நின்றாள். "அத்தை ஒத்துக்குமா?" என்று கேட்டேன். "அது சாயங்காலம் பலகாரம் எடுத்துனு வரும். வந்தா பாத்துக்கலாம். நீ போயி டின் பால் வாங்கினு வா" என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது நைனா. அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டால் உன் பக்கத்து உறவு என்று அம்மாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இருந்தும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் நெய் வாசனை. அம்மா கைப் பழக்கத்தில் அடுப்பைப் பற்ற வைத்து, மழைக்கு உறைந்துபோன நெய்யைக் கரண்டியில் காய்ச்சப் போயிருக்கிறாள். "அம்மா, அடுப்பு" என்று கத்தினேன். பதறிப்போய் அணைத்தாள். கரண்டியைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், என்னிடமிருந்து ஒளித்து என்ன பயன்?

"கரண்டி சட்டில சேத்தி இல்லல்ல?" என்றாள்.

"அதை நீ அத்தைகிட்டதான் கேக்கணும்."

அந்த நெய்யைச் சாம்பாருக்கு என்று ஒதுக்கி வைத்தோம். அப்புறம்தான் உன் வழி ஞாபகம் வந்தது. டீவியை ஓடவிட்டு, அதன் கீழே சூடாகிக் கிடக்கும் செட்டப் பாக்ஸின் மேல் நெய்க் கிண்ணத்தை வைத்தோம். ஒரு சீரியல் முழுக்க ஓடியது. நெய் இளகிவிட்டது. இந்த யோசனை உலகத்தில் உன் ஒருத்தனுக்குத்தான் வந்திருக்கும்.

நீ டின் பாலைக் கரண்டி கரண்டியாகத்தான் விடுவாய். அம்மா டின்னைக் கவிழ்த்துவிட்டாள். மாவு கொழகொழவென்று கையோடு வந்தது. பொட்டுக்கடலை போட்டோம், போதவில்லை. பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டோம். சுபாவிடம் போய் ஓட்ஸ் வாங்கி வந்து அதையும் பொடித்துப் போட்டோம். கடைசியில் உருண்டை பிடிக்க வந்தபோது நீ செய்யும் அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தது. எனக்கு எலுமிச்சை அளவு வந்தது, அம்மாவுக்கு நெல்லிக்காய் அளவு வந்தது. உன் மேசை டிராயரிலிருந்து வெர்னியரை எடுத்து ஒன்றை அளந்து பார்த்தேன். "அத உள்ள வையி, நம்ம மானம் போவுது" என்றாள் அம்மா. நீ போனபிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உருட்டுவது என் வேலை, தாளில் சுற்றுவது அம்மா வேலை என்று பிரித்துக்கொண்டோம். நான் அவள் கையைக் கவனிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. அத்தை ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் குடையோடு படியேறினாள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மேசை முழுக்க மிட்டாய். தூக்கைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"இன்னா வள்ளி இது?"

"மிட்டாய் அண்ணி."

"நான் சொன்னது ஒன் காதுல உயிலயா?"

"உயிந்துச்சி அண்ணி. சட்டி வைக்கல."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த மாவைப் பார்த்தேன். தூக்கை வாசற்படி ஓரமாக வைத்துவிட்டு அத்தை நேராகச் சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். அடுப்பின் மேல் கையை விரித்து வைத்துப் பார்த்தாள் நைனா. ஜுரம் பார்ப்பது போல. முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். நல்லவேளை, எப்போதோ ஆறிப்போயிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியையும் பார்த்தாள். அங்கே மிக்சி ஜாரும் கரண்டியும்தான் கிடந்தன. கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டீவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அத்தை கை நீட்டி ஒரு பச்சைத் தாள் மிட்டாயை எடுத்தாள். ஒரு முனையைத் திருகினாள், வரவில்லை. மறுமுனையைத் திருகினாள், வரவில்லை. முந்தானையில் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கடைசியில் கடைவாய்ப் பல்லுக்குக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினாள்.

"யாரு சுத்துனது இத்த?"

"நாந்தான் அண்ணி" என்றாள் அம்மா.

"எந்தம்பி சுத்துனாப்பலயே கீதே வள்ளி."

அதைச் சொல்லும்போதே அத்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. உன் காரியத்தில்கூட எல்லாருக்கும் வேலை ஏவிக்கொண்டு நின்றவள் அவள். மிட்டாயைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். "எனுக்கு வேற மாரி சுத்தத் தெரியல அண்ணி" என்றாள். இத்தனை வருஷம் உன்னைத் திட்டிக்கொண்டே உன் கையைப் பார்த்திருக்கிறாள் நைனா. உனக்கு அது தெரியுமா? தெரிந்துதான் இன்னும் இறுக்கினாயா?

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை பல்லால் தாளைக் கிழித்து மிட்டாயைத் தின்றாள். மென்றுகொண்டே, "இதுல இன்னாத்த கொட்டினீங்க? கஞ்சி வாசன அடிக்குது" என்றாள். ஓட்ஸ். அத்தை நாக்கை ஏமாற்ற முடியுமா? அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நெய் எங்க கீது?" என்று கேட்டாள். நான் செட்டப் பாக்ஸைக் காட்டினேன். ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, நெய்யைத் தொட்டுக் கையில் தடவி உருட்ட உட்கார்ந்தாள். "நாளிக்கு எவளாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு. அடுப்ப நாந்தான் தொட்டுப் பாத்தேன்னு சொல்றேன்" என்றாள் அம்மாவிடம்.

மறுநாள் காலை அம்மா குளித்துவிட்டு வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டை எடுத்து அவளே வீடு வீடாகப் போனாள். முழங்கால் வலி எங்கே போனதோ. டீக்கடைக்காரர் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டினார், அவருக்கு அனுபவம் இருக்கிறது. சுபா, "அங்கிள் போயிட்டாங்க, இனி வராதுன்னுல்லா நெனச்சேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய், அப்புறம் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. உன் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அளவு சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தின்றார்கள்.

எல்லாருக்கும் கொடுத்த பிறகு அம்மா ஒரு மிட்டாயை உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். சிவப்புத் தாள், இரண்டு முனையும் இறுக்கமாக. நான், "பிரிச்சு வைக்கட்டாம்மா?" என்று கேட்டேன்.

"வோணாம்" என்றாள். "இத்தன வருஷம் நாம பட்டமே. அவுரே பிரிச்சித் துன்னட்டும்."

நைனா, அங்கே பிரித்துவிட்டாயா? பல் வலிக்கிறதா?

வரும் மாசியோடு வருஷம் திரும்புகிறது. அதற்கப்புறம் சட்டி வைக்கலாம். அதிரசத்துக்குப் புதுச்சட்டி வாங்கித் தர வேண்டும் என்று அம்மா இப்போதே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். வாங்கித் தருகிறேன். ஆனால் மேசை உன்னுடையதுதான். அடுப்பில் என்ன வெந்தாலும் உன் மிட்டாய் அடுப்பில்லாமல் அந்த மேசையில்தான் உருளும், நெய் செட்டப் பாக்ஸின் மேல்தான் இளகும். அம்மா சுற்றும்போது அடுத்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பார்ப்பேன். அந்த இறுக்கத்தில் ஒரு சுற்றுகூடக் குறைய விடமாட்டேன்.

பல்லால் பிரித்தே பழகிப்போன உன் மகள்,
கௌரி