மெழுகுக்கு அடியில் ஒரு கை

சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் மெழுகு மணக்கிறது. வெகுநாளைக்குப் பிறகு இன்றுதான் இந்த வாசனை என் கைக்குத் திரும்பியிருக்கிறது. அதுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆனைகட்டியில் மழை பிடித்துக்கொண்டது. மரப்பட்டறைச் சுவரெல்லாம் ஈரம். இரும்புக்கு ஆகாத ஊர் இது. அதைவிட ஆகாதது உங்கள் கை. சிலருடைய வியர்வை அப்படித்தானாம். பலகை இழைக்கும் மெஷினின் இரும்பு மேசையில் நீங்கள் சாயங்காலம் கை ஊன்றிய இடத்தில், காலையில் ஐந்து விரலும் துருவாகப் பூத்திருக்கும். பலகை அங்கே வந்ததும் முரண்டு பிடிக்கும்.

"உங்க தம்பி கை பட்டா ஒண்ணும் ஆகறதில்லை. உங்களுக்கு மட்டும் ஏனுங்க இப்பிடி?"

"கண்ணாலத்துக்கு முன்னாலயே கையப் பாத்திருக்கோணும் புள்ள" என்று சிரித்தீர்கள்.

அன்றிலிருந்து அந்தி வேலை என்னுடையதாயிற்று. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்து, உலர்ந்த துணியால் மினுக்க வேண்டும். ஒருமுறை மெழுகு தீர்ந்துபோய்த் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் இழைத்த கதவுப் பலகை முழுக்கக் கறை. "தலைக்கு வெக்கறத மெஷினுக்கும் வெச்சுட்டயா? அப்பிடியே பூவும் வெச்சுரு" என்றீர்கள். கோபம் வந்தாலும் கேலிதான் உங்களுக்கு.

நீங்கள் போன பிறகு உங்கள் தம்பிதான் பட்டறையைப் பார்க்கிறார். ஞாயிறுதோறும் அவரே மெழுகு தேய்க்கிறார், அதுவே போதுகிறது. பழக்கத்தில் அந்தியானால் துணியோடு போய் நிற்பேன். துடைக்க ஒன்றும் இருக்காது. அந்தப் பளபளப்பைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று கூரை ஒழுகியதால் மெஷினைச் சுவரை விட்டு நகர்த்தினார்கள். சுவரோரம், என் துணி எட்டாத மூலையில், உங்கள் கை இருந்தது. விரல் விரலாக, கட்டைவிரல் கொஞ்சம் சாய்ந்து. உங்கள் தம்பி உப்புத்தாளை எடுத்துவிட்டார்.

"அதை விட்டுருங்க தம்பி."

"உட்டா இரும்பைத் தின்னுருமுங்க அண்ணி."

எனக்குத் தெரியாதா? இந்த ஈரத்துக்கு அது பரவும். அடுத்த மழைக்குள் விரல்களெல்லாம் ஒன்றாகி வெறும் கறையாகிவிடும். அவர் கையிலிருந்த தாளை வாங்கி வைத்துவிட்டு மெழுகுவர்த்தியை எடுத்தேன். காற்று புகாதபடி, விரல் விரலாக, கனமாகப் பூசினேன். அவர் வெளியே போய்விட்டார்.

தினமும் எவ்வளவு சுத்தமாகத் துடைத்தேன், பாருங்கள். ஒன்றிரண்டை விட்டுவைத்திருக்கலாம்.

இந்த மழைக்கு மெழுகு தாங்குகிறதா என்று நாளை அந்திக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு மறுபடி வேலை வந்துவிட்டது.