மணி இருந்த விரதம்

ஆடி 3, திங்கள்

விடாத சாரல். விறகெல்லாம் ஈரம். வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வில்வண்டி பேசி வந்தார்கள். மணியை மடியில் வைத்துக்கொண்டு மேலகரத்திலிருந்து தென்காசி மாட்டாஸ்பத்திரி. வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் போல வீக்கம். நாய்க்குப் பல் பிடுங்க ஆஸ்பத்திரியா என்று வண்டிக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒழுங்காச் சாப்பிடுதானா?" என்றார்.

"சஷ்டிக்குச் சஷ்டி விரதம் இருப்பான் டாக்டர்." அந்த நேரத்திலும் எனக்குப் பெருமைதான்.

அவர் சிரிக்கவில்லை. "விரதம் இல்லம்மா. பல்லுக்கு அடியில சீழ் கட்டுது. கட்டுதப்ப திங்க முடியாது. ஒடஞ்சு வடிஞ்சா திம்பான். மாசக்கணக்கா இந்தப் பாடு பட்டிருக்கான்."

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வயசான நாய், குளோரோபாரம் கொஞ்சம்தான் கொடுக்கலாமாம். தாடையைப் பிடித்துக்கொண்டது நான். ஒரு பல் சுலபமாய் வந்தது. அடுத்தது உடைந்துபோய், தோண்டி எடுத்தார். பாதியில் மயக்கம் தெளிந்துவிட்டது. கடிக்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

ஆடி 4, செவ்வாய்

சாரலோடு காற்றும். துணி எதுவும் காயவில்லை. தடியங்காய்க் கூட்டு, ரசம். உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன், வீட்டுக்காரர் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

மணி தொழுவத்தில், தவிட்டுப் பானைக்குப் பின்னால். உடம்பெல்லாம் நடுக்கம். வாயோரம் ரத்தம் கலந்த எச்சில். பழைய வேட்டியைச் சட்டியில் காட்டிச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கப் போனேன். உறுமினான். என்னைப் பார்த்து உறுமியது இதுதான் முதல் தடவை. வேட்டியைப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதில் படுத்துக்கொள்ளக்கூட இல்லை.

டாக்டர் சொன்னது: படிகாரத் தண்ணீரால் வாய் கழுவ வேண்டும். கெட்டியாக எதுவும் கூடாது. எலும்பு வேகவைத்த தண்ணீர் கொடுத்தால் தெம்பு வரும், தெம்பு வராவிட்டால் பிழைப்பது கஷ்டம். நல்ல யோசனைதான். வெங்காயம் நறுக்கவே நாள் பார்க்கிற வீட்டில் எலும்பு எங்கே வேகும்? பால்கஞ்சி வைத்தேன். தொடவில்லை.

ஆடி 5, புதன்

இன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும், அதுவும் நான் இந்தப் பக்கம் வந்த பிறகு.

உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம். போன ஐப்பசி, கந்த சஷ்டி. மணி தயிர்ச்சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். "இன்னைக்குச் சஷ்டின்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று விளையாட்டாய்ச் சொன்னது நான். எதிர்வீட்டுக் கோமதி மதனி அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். அடுத்த சஷ்டிக்கு நாலு பெண்கள் விபூதித் தட்டோடு வந்துவிட்டார்கள். நெற்றியில் பூசும்போது முனகினான். பக்தி என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

மற்ற நாட்களிலும் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான். அதெல்லாம் யார் கணக்கிலும் வரவில்லை. சஷ்டியோடு சேர்ந்து வந்த நாளைத்தான் பிடித்துக்கொண்டோம். சேராத மாதத்தில் என்ன செய்தேன்? சஷ்டியன்று தட்டே வைக்கவில்லை. விரதத்தைக் கெடுக்கக் கூடாதாம். மறுநாள் விரதம் முடித்துவைக்க ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தம். சொத்தைப் பல்லில் பஞ்சாமிர்தம்! பசி தாங்காமல் நக்குவான். நக்கிவிட்டுத் தலையை உதறுவான். பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு ஒரு நாள் பல் வலித்தால் ஊரைக் கூட்டிவிடுவேன்.

ஆடி 6, வியாழன்

சஷ்டி. காலையில் வாசல் தெளிக்கும்போதே நினைத்தேன், வருவார்கள் என்று. வந்தார்கள். கோமதி மதனி, கூட இரண்டு பேர், பூ, விபூதி.

"சாப்பிடலையாமே? இந்தத் தடவ முன்கூட்டியே ஆரம்பிச்சிட்டானோ?" என்றாள் மதனி.

"உடம்பு சரியில்ல மதனி" என்றேன்.

"முருகன் சோதிக்கான். வா, நெத்தியில இட்டுட்டுப் போறோம்." நேராகத் தொழுவத்துக்குள் போய்விட்டாள். கையில் விபூதியோடு குனிந்தாள். மணி சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"தொடாதீங்க மதனி! விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பல்வலி. அன்னைக்கிலருந்தே பல்வலிதான்."

கத்திவிட்டேன். பசு மிரண்டு கயிற்றை இழுத்தது.

"அப்ப நாங்க கும்பிட்டது என்னத்த?"

"பல்வலியத்தான் கும்பிட்டோம். நானுந்தான்."

மதனி முகம் சுண்டிப்போயிற்று. பூவைக்கூட எடுக்காமல் போனார்கள். இனி ஆறு மாதத்துக்குப் பேச மாட்டாள். அவள் வீட்டு வளைகாப்பு வேறு வருகிறது. போகட்டும். என்மேல் தப்பு, அவளை ஏசி என்ன பிரயோசனம்.

சாயங்காலம் பின்வீட்டு ரூத்தம்மா டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. "ஆட்டுக்கால் வேகவச்சுத் தாரேன். வாங்குவீகளா?" என்றாள். வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அடுக்களைக்குள்ள வரவேண்டாம். தொழுவத்தோட இருக்கட்டும்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "சூடாக் குடுக்கச் சொல்லு" என்றும் சொன்னார்கள்.

ஆடி 7, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. டீச்சர் தூக்குவாளியைச் சுவர் வழியாகக் கொடுத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். மோந்தான். வரவில்லை. நான் இருக்கிறேன் என்றுதான்.

வெளியே போய்விடலாம் என்று எழுந்தேன். போனால் குடிப்பான், எனக்கும் தொல்லை விட்டது. போக மனசு வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்தேன். மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தேன். விரலைக் கிண்ணத்தில் முக்கி நீட்டினேன். இந்த ஜன்மத்தில் செய்வேன் என்று நினைக்காத காரியம்.

ரொம்ப நேரம். கால் மரத்துப்போயிற்று. செங்கோட்டை ரயில் போகிற சத்தம் கேட்டது. பிறகு நாக்கு மட்டும் வந்தது. நல்ல பக்கத்தால், மெதுவாக. இன்னொரு தடவை முக்கினேன். கிண்ணம் தீரும்வரை விரலால்தான்.

அழுதேன். எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

டீச்சரிடம் வாளியைக் கொடுக்கும்போது, "ருசியா இருந்துச்சு" என்றேன், நானே குடித்ததுபோல. அவள் சிரித்துவிட்டாள். நானும்.

ஆடி 10, திங்கள்

கொஞ்சம் வெயில். அப்பளம் காய்ந்தது. குற்றாலத்திலிருந்து மங்குஸ்தான் விற்கிறவள் வந்தாள், பாதி அழுகல், வாங்கவில்லை. தங்கச்சிக்குக் கடிதம் போட வேண்டும்.

மணி வேட்டியில் படுக்கிறான். படிகாரத் தண்ணீருக்கு வாயைத் திறக்கிறான், நான் கழுவினால் மட்டும். வீட்டுக்காரர் திறக்கப் பார்த்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டான். "ஒனக்குத்தான் மரியாத" என்றார்கள். பெருமை எட்டிப் பார்த்தது. அதை அடக்கினேன். பெருமைப்பட்டதெல்லாம் போதும்.

கோமதி மதனி இன்றும் முகம் திருப்பிக்கொண்டு போனாள்.

ஆடி 13, வியாழன்

டாக்டர் சைக்கிளில் வீட்டுக்கே வந்து பார்த்தார். காபி குடித்தார். மணி அவரைக் கண்டதும் என் சேலைக்குப் பின்னால். நான் தாடையில் கைவைத்ததும் திறந்தான். "அட, இப்படித் திறக்கானே" என்று டாக்டருக்கு ஆச்சரியம்.

வலது பக்கம் நன்றாய் ஆறிவிட்டதாம். இடது பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கரண்டிக் காம்பால் ஒரு பல்லைத் தட்டினார். மணி துள்ளினான், ஆனால் வாயை மூடவில்லை. என் கை அங்கே இருந்ததால்.

"இதுவும் போயிருச்சும்மா. விட்டா அதே கததான். உடம்புல தெம்பு இருக்கப்பவே எடுத்திருவோம். நாளைக்கு வாங்க."

"மயக்க மருந்து?"

"போன தடவ மாதிரி கொஞ்சந்தான். நீங்க பிடிச்சுக்கிட்டா போதும். ஒங்க கைன்னா நம்புதான்லா."

டாக்டர் போன பிறகும் மணி கையை நக்கிக்கொண்டிருந்தான்.

ஆடி 14, வெள்ளி

மழை இல்லை. வீட்டுக்காரர் சட்டை மாட்டுகிறார்கள், அதற்குள் இதை எழுதுகிறேன். வில்வண்டியைக் கண்டால் ஓடுவான், இழுத்துக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும் என்று துண்டு ஒன்று எடுத்து வைத்திருந்தேன். வேண்டியிருக்கவில்லை. வண்டியைப் பார்த்தான், ஒரு அடி பின்னால் போனான், என்னைப் பார்த்தான். "வாலே" என்றேன். வந்தான். தானே ஏறி, எனக்கு இடம் விட்டு ஓரமாய் உட்கார்ந்திருக்கிறான்.