விலை சொல்ல ஓர் ஆள்

கேப் கோஸ்ட்
10 மார்ச் 2015, செவ்வாய்

அன்புள்ள எபோவுக்கு,

நலம்தானே? இங்கே நானும் அச்சகமும் நலம். எக்குவா குமாசியில் நர்ஸிங் பரீட்சைக்குப் படிக்கிறாள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

வழக்கம்போல தக்கோராடி வரும் ஃபீஃபியின் வேனில் இந்த உறையைக் கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் உங்கள் பதிலை இருக்கைக்கு அடியில் வைத்து மேலே மீன் கூடையை ஏற்றியிருக்கிறான். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது பூனை காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

உள்ளே மூன்று தாள் மாதிரி இருக்கிறது. வழவழப்பானது ஓர் இறுதிச்சடங்குப் புத்தகத்துக்கு, இறந்தவர் போட்டோவும் அஞ்சலியுமாக எட்டுப் பக்கம், முன்னூறு பிரதி. மற்ற இரண்டும் ரசீதுப் புத்தகமும் கல்யாண அழைப்பும். பின்னால் குறித்திருக்கிறேன். தொட்டுப் பார்த்து விலை சொல்லுங்கள்.

இனி ஒரு புகார். இங்கே செவ்வாய்க்கிழமை விலை கேட்பவர்களுக்கு வியாழன் வரை பொறுமையில்லை. போனில் உங்களைக் கேட்டால் தாளைத் தொடாமல் விலை சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நேற்று சர்ச் பாடகர் குழுத் தலைவி வந்தாள். "வியாழக்கிழமை சொல்றேங்கிறியே அக்கா, உன் வீட்டுக்காரர் தக்கோராடியில உக்காந்து என்ன அருள்வாக்கா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அக்ராவிலிருந்து நார்ட்டே என்று ஒருவர் மென்பொருள் விற்க வந்தார். தாள், நிறம், பக்கம், எண்ணிக்கை எல்லாம் தட்டினால் அதுவே விலை போட்டு, வேலை முடிந்ததும் பில்லும் அடித்துத் தருகிறது. ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கலாமாம். அச்சகம் இருவருடையது, அதனால் கேட்கிறேன்.

உங்கள் அராபா


தக்கோராடி
12 மார்ச் 2015, வியாழன்

என் அராபாவுக்கு,

மூன்றுக்கும் விலை தனித்தாளில். கல்யாண அழைப்புக்கு நீ வைத்த தாள் மடித்தால் வெடிக்கும், வேறு போடு.

மென்பொருள் நல்லதுதான். ஆனால் ஒன்று கேள் அந்த நார்ட்டேயிடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சனிக்கிழமை அடக்கம், எட்டுப் பக்கம் மெஷினில் ஏறியாகிவிட்டது. அப்போது இத்தாலியில் இருக்கும் மருமகன் "எங்க மாமாவைப் பத்தி நானும் எழுதியிருக்கேன்" என்று ஒன்றரைப் பக்கம் அனுப்புவான். பக்கம் நாலு நாலாகத்தான் கூடும், எட்டு பன்னிரண்டாகும். நார்ட்டேயின் கம்ப்யூட்டர் பெட்டி அதை வாங்கிக்கொள்ளுமா? போன மாதம் இங்கே நான் வேலை பார்க்கும் பெரிய அச்சகத்திலேயே அதற்காக முழு கொட்டேஷனையும் முதலிலிருந்து போட்டார்கள். இங்கே வாடிக்கை எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள், அவர்கள் பொறுப்பார்கள். துக்க வீட்டார் பொறுப்பார்களா?

நமக்கு எந்தப் பெட்டியும் இருந்ததில்லையே. நீ முன்னால் நின்று வாடிக்கையாளரிடம் பேசுவாய். நான் மெஷினுக்குப் பின்னால் நிற்பேன். புருவத்தைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ஸ்பானரைக் கையில் எடுத்தால் அதற்குக் கீழே போகக்கூடாது. ஒரு தடவை போல்ட் கழன்றுவிட்டதென்று நிஜமாகவே ஸ்பானரை எடுத்தேன். நீ நல்ல வாடிக்கையாளர் ஒருவரை வாசல்வரை துரத்திவிட்டாய். அன்று இரண்டு பேரும் தாள்கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தோம். எக்குவா உன் வயிற்றில் இருந்தாள். இப்போது இங்கே என் அறையில் சிரிப்பதற்கு ரேடியோ மட்டும்தான்.

எபோ


கேப் கோஸ்ட்
14 ஏப்ரல் 2015, செவ்வாய்

அன்புள்ள எபோவுக்கு,

நார்ட்டேயின் பெட்டி பக்கம் கூடினால் வாங்கிக்கொள்ளாது. நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்பே அது என்னை வேறு வம்பில் மாட்டிவிட்டது, கேளுங்கள்.

மீன்பிடி வலை விற்கும் சாக்கி குடும்பத்தில் பெரியவர் இறந்துபோனார். அவருடைய தம்பி கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நாலு பேரோடு வந்தார். நானும் பெருமையாக கொட்டேஷனை அச்சடித்துக் கொடுத்தேன். அந்த மென்பொருள் எல்லாவற்றையும் வரி வரியாகப் போடுகிறது. தாள் இவ்வளவு, மை இவ்வளவு, பிளேட் இவ்வளவு, கடைசியில் 'கெட்டுப்போகும் தாள், இருபது'. அவர் கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு முறை படித்தார்.

"இது என்னம்மா, கெட்டுப்போகும் தாள்?"

"ஐயா, மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது முதல் கொஞ்சம் தாள் சரியா விழாது..."

"அதாவது எங்க அண்ணன் மூஞ்சிய இருபது தடவ கோணல்மாணலா அடிச்சுக் குப்பையில போடுவீங்க. அதுக்குக் காசும் நாங்க குடுக்கணும்."

பின்னால் நின்றவர் "இருக்கிறப்பவும் அவரை யாரும் மதிக்கல" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். நான் காலில் விழாத குறை. அந்த இருபது தாளையும் அடக்கத்துக்கு முன்பே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்கள். நிஜமாகவே ஒப்படைத்தேன். தம்பிக்காரர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, அண்ணனின் சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிட்டாராம்.

வாடிக்கையாளரிடம் ஏன் எப்போதும் விலையை வாயால் மட்டும் சொல்லச் சொன்னீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னொன்றும் கண்டேன். அச்சடித்த கொட்டேஷனைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக எதிர்க்கடைக்குப் போகிறார்கள். அந்தக் கடைக்காரன் அதைப் பார்த்துவிட்டு விலையில் இரண்டு கானா சீடி குறைத்துச் சொல்கிறான்.

நார்ட்டேயிடம் இரண்டாவதாக ஒன்று இருக்கிறது. எல்லாம் இன்டர்நெட்டிலேயே நடக்கிறது. விவரத்தை உறையில் வைத்திருக்கிறேன். இந்த வார வேலைகள் இரண்டு, தாளோடு.

உங்கள் அராபா


தக்கோராடி
16 ஏப்ரல் 2015, வியாழன்

என் அராபாவுக்கு,

சாக்கி கதையைப் படித்துச் சிரித்ததில் என் மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்டர்நெட் வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, வந்தால் அரை நாள் இருக்கிறது. இந்த லட்சணத்தில் வாடிக்கையாளரை உட்காரவைத்து, "இருங்கம்மா, கரண்ட் வந்ததும் விலை சொல்றேன்" என்பாயா? அதற்கு நான் வியாழக்கிழமை சொல்வதே மேல்.

ஒன்று செய்யலாம். செவ்வாயோடு வெள்ளியும் உறை அனுப்பு. வாரம் இரண்டு. ஃபீஃபியிடம் நான் பேசுகிறேன். அப்புறம் எந்தப் பாடகர் குழுவும் எதிர்க்கடைக்குப் போகாது.

அடுத்த உறையோடு சோளமாவுக் கெங்கி நாலு உருண்டை வைத்து அனுப்பு. இங்கே விற்பதில் புளிப்பே இல்லை. உன் கை இல்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை என்று எழுதினால் நம்பமாட்டாய், ஆனால் எழுதுகிறேன்.

எபோ


கேப் கோஸ்ட்
7 ஜூலை 2015, செவ்வாய்

அன்புள்ள எபோவுக்கு,

வாரம் இரண்டு உறையாக அனுப்பிப் பார்த்தாகிவிட்டது. ஃபீஃபி என்னைப் பார்த்து, "அக்கா, இவ்ளோ காகிதத்தை ஏத்தி எறக்குறதுக்கு அண்ணனையே ஒரு தடவ ஏத்திட்டு வந்துரலாம்" என்றான். வேனில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மென்பொருளின் விவரம் உங்களிடம் ஒரு மாதமாக இருக்கிறது. இங்கேயே குமாசிக்காரர் ஒருவர் செய்தது. கரண்ட் போனாலும் லேப்டாப்பில் ஓடும். பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். கெட்டுப்போகும் தாள் கணக்கில் இருக்கும், வாடிக்கையாளர் கண்ணில் படாது. பேரம் பேசக் கொஞ்சம் கூட்டிவைத்து, எதுவரை குறைக்கலாம் என்று எனக்கு மட்டும் காட்டும். நம் ஆட்களைத் தெரிந்தவன் செய்த வேலை. நீங்கள் இதற்குக் கண்டுபிடித்த குறை, 'திரையின் பச்சை நிறம் கண்ணைக் குத்துகிறது'. எபோ, உங்களுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியாதா?

நேராகவே எழுதுகிறேன். நீங்கள் இரண்டு வருஷம் என்று சொல்லித் தக்கோராடிக்குப் போனீர்கள். நான்கு ஆகிறது. எண்பது கிலோமீட்டர்தான். எக்குவா நர்ஸிங் படிக்கச் சேர்ந்தபோது ஒரு நாள் வந்தீர்கள், அவ்வளவுதான். இந்த உறை வந்துகொண்டிருப்பதால் உங்களுக்கு வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது. எனக்கும் புருஷன் இருப்பதுபோல இருக்கிறது. உறை மட்டும் இல்லாதிருந்தால் முதல் வருஷமே நீங்கள் திரும்பியிருப்பீர்கள், இல்லையென்றால் முதல் வருஷமே எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால் இதை வாங்குகிறேன். உங்கள் கணக்கு முழுவதையும் அனுப்புங்கள், எந்தத் தாளுக்கு எவ்வளவு, எந்த வேலைக்கு எவ்வளவு கெடும், எல்லாம். அதன்பிறகு விலைக்காக நீங்கள் எனக்குத் தேவையில்லை. எனக்காக மட்டும்தான் நீங்கள் வரவேண்டியிருக்கும். செப்டம்பரில் ஃபெட்டு திருவிழாவுக்கு ஊரே வீட்டுக்கு வரும். நீங்களும் வாருங்கள். இருக்கப்போகிறீர்களா இல்லையா என்று அன்றைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தபோது வைத்த கல்யாண மதுவை எங்கள் வீட்டுப் பெயின்ட்சில் மாமா உங்களிடம் திருப்பிக் கொடுப்பார், நம் வழக்கப்படி உறவு அதோடு முடிந்தது. மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவன அடிச்சியா, அவன் உன்ன அடிச்சானா? அப்புறம் என்னடி?"

உங்கள் அராபா


தக்கோராடி
23 ஜூலை 2015, வியாழன்

என் அராபாவுக்கு,

போன இரண்டு வியாழனும் பதில் வராததற்குக் கோபிக்காதே. எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கு முழுவதும் இதில் இருக்கிறது, இருபத்தொரு தாள். எழுத எழுத ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஏதோ ஒரு வேலை ஞாபகத்துக்கு வருகிறது. மூன்றாம் தாளில் நம்பர் போட்ட ரசீதுப் புத்தகத்துக்குக் கெடும் தாள் ஏன் அதிகம் என்று எழுதும்போது, நீ ஒரு ராத்திரி முழுக்க அறுநூறு ரசீதுக்கும் கையால் நம்பர் குத்தி, விடியும்போது விரலெல்லாம் ஊதாவாக என் முகத்தைத் தொட்டது ஞாபகம் வந்தது. ஊதா முகத்தோடு நான் சந்தைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாம் அப்போது அப்படித்தான் இருந்தோம், ஊருக்குப் பழகியிருந்தது.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வராது. உனக்கே தெரியும். இங்கே சம்பளம் மாதாமாதம் வருகிறது, யாரும் கதவைத் தட்டி வெள்ளிக்கிழமை நாலு பக்கம் கூட்டுவதில்லை. மனிதனுக்கு அது பழகிவிடுகிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை வேன் நிலையத்தில் நிற்கும்போதுதான் என் வாரம் தொடங்குகிறது. இதைப் பொய்யென்று நினைக்காதே.

மென்பொருளை வாங்கு. மூன்றில் இதுதான் சரி, பச்சை நிறத்தில் ஒரு குற்றமுமில்லை. திருவிழாவுக்கு வருகிறேன்.

எபோ


கேப் கோஸ்ட்
8 செப்டம்பர் 2015, செவ்வாய்

அன்புள்ள எபோவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று ஃபீஃபி சொன்னான்.

வந்தீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள், அதற்கு நன்றி. சனிக்கிழமை காலை வேனிலிருந்து இறங்கியபோது பக்கத்துக் கடைக்காரி "இன்னைக்கு அராபா மூஞ்சியப் பாருங்க" என்று கத்தியது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். புதுத் துணி கட்டியிருந்தேன். முந்தின நாளே மீன் வறுத்துவைத்திருந்தேன்.

நீங்கள் கை கால் கழுவிவிட்டு, "எங்க அந்தப் பொட்டி? காட்டு" என்றீர்கள். காட்டினேன். உட்கார்ந்தீர்கள். நடக்காத வேலைகளையெல்லாம் கற்பனை செய்து உள்ளே தட்டி விலை பார்த்தீர்கள். சென்டர் பின் அடிக்கும் கூலியை நான் தப்பாகப் போட்டிருந்தேன், அதைத் திருத்தினீர்கள். "அராபா, இங்க வா" என்று கூப்பிட்டீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன், என்ன சொல்லப்போகிறீர்களோ என்று. "பாரு, பன்னெண்டு பக்கமும் வாங்கிக்கிது" என்று திரையைக் காட்டினீர்கள்.

கொடி ஊர்வலம் வாசலில் போனது. எக்குவா வந்து கூப்பிட்டாள். "இதோ வர்றேன்" என்றீர்கள். ஊர்வலம் போய்விட்டது. மீனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தே சாப்பிட்டீர்கள். நாலு மணிக்கு ஃபீஃபி ஹாரன் அடித்ததும் எழுந்து, என் தோளைத் தட்டி, "எல்லாம் சரியா இருக்கு. இனி உனக்கு ஒரு குறையும் இல்ல" என்றீர்கள்.

எனக்குக் கோபமில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், அன்று முழுக்க நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சமையலறையிலிருந்து பார்த்தால் அந்த நாற்காலியில் உங்கள் முதுகு தெரிந்தது, பழையபடி ஒரு பக்கம் சாய்ந்து. அதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். நீங்கள் போன பிறகுதான் பயம் வந்தது. இந்த முதுகு போதுமென்று இன்னும் இருபது வருஷம் நான் இருந்துவிடுவேன், எபோ. என்னை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்ட்சில் மாமா அந்தக் கல்யாண மதுவோடு அங்கே வருகிறார். மாடி ஏற அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது, நீங்கள் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். அச்சகத்தில் உங்கள் பங்கைப் பற்றி அவரிடமே பேசுங்கள், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். எக்குவாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், பிறகு உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தீர்களா என்று கேட்டாள். பாருங்கள்.

நல்ல மனிதர் நீங்கள். உங்களோடு வாழ்ந்த நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்தான். ஃபீஃபியைப் பதிலுக்காக நிற்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.

அராபா குவான்சா