முதல் ரேகை உங்களுடையது

அக்கா,

இன்று மாலை போடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் என் கால் நின்றுவிட்டது. விடுதலையாகி ஊர் திரும்பிய நீங்கள் குரங்கணியில் கண்மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது!

வரப்புத் தகராறில் நான் சிறைக்கு வந்தபோது, நீங்கள் ஆயுள் கைதி. எங்களைக் கண்காணிக்க வைக்கப்பட்ட கைதியும்கூட. மலையில் கங்காணியின் மேற்பார்வையில் ஏலக்காய் எடுத்துப் பழகிய நான் உங்களுக்குக் 'கங்காணி' என்று பேர் வைத்தேன். ஆண்கள் பிரிவில் இந்த வேலை பார்ப்பவர்கள் அடிதடியையும் செல்போனையும்தான் தேடுவார்களாம். நீங்களோ எவள் உரக்கச் சிரித்தாள், எவள் எவளோடு ஒட்டி உட்கார்ந்தாள் என்று வார்டர் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்காக உங்களுக்கு அடுப்படி வேலை கிடையாது. முழங்கால் வலிக்காரிக்கு அது பெரிய சலுகை. உங்கள் தலை தெரிந்தாலே பேச்சை நிறுத்திவிடுவோம்.

ஆண்களுக்குத் தறி இருந்தது, தச்சுப் பட்டறை இருந்தது. எங்களுக்குக் கூட்டுவதும் அரிசி புடைப்பதும்தான். தையல் மிஷின் கேட்டு ஒரு மனு எழுதினேன். அதில் முதல் ரேகை வைக்க என்னையும் சேர்த்து ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. முறத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

"யாருடி எழுதுனது?"

"நான்தேன்க்கா. மத்தவளுகளச் சொல்லிப்புடாதீக."

"கிறுக்கச்சி! சொல்லிக் குடுக்கவா கேட்டேன்? வெரசா மையக் கொண்டா."

பேனா ரீபிள்ளை ஊதி மை எடுத்தோம். நீங்கள் பெருவிரலை அழுத்தியதும், நான் நீ என்று எல்லாரும் முண்டியடித்தார்கள். பார்வையிட வந்த நீதிபதியிடம் மனுவை நீட்டியதும் நீங்கள்தான்.

வார்டர் அம்மா கொதித்துவிட்டார். "இவளுகளப் பாக்கத்தான ஒன்னையச் சொன்னேன்?"

"பாத்தேன்மா. பாத்ததத்தேன் எழுதிக் குடுத்திருக்கோம்."

அன்றே உங்களை அடுப்படிக்குத் தள்ளினார்கள். நீங்கள் முழங்காலைப் பிடித்தபடி எங்கள் நடுவில் உட்கார்ந்து, "இப்பத்தேன்டி ஒங்களோட வாய்விட்டுப் பேச முடியுது" என்று சிரித்தீர்கள். இரண்டு மாதத்தில் நான்கு மிஷின்கள் வந்து இறங்கின. எத்தனை கூச்சல் போட்டோம்!

சேதிக்கு வருகிறேன். இப்போது ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். நான் சிறைக்குப் போய் வந்தவள் என்று அங்கே சூப்பர்வைசருக்கு மட்டும்தான் தெரியும். இன்று காலை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒக்காந்து பாக்குற சோலி தர்றேன். எவ பேசுறா, எவ அடிக்கடி பாத்ரூம் போறான்னு மட்டும் சொல்லு. இல்லாட்டி ஒன் கதைய எல்லாருக்கும் சொல்லிருவேன்."

அக்கா, காய் பிரிக்கும் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "முடியாதுண்ணே. பாத்ரூம்ல ஒரு வாரமாத் தண்ணி வரல. மொதல்ல அதப் பாருங்க!"

ஒருத்தி எழுந்தாள். "ஆமாண்ணே, பாருங்க." அடுத்து இன்னொருத்தி. கடைசியில் அத்தனை பேரும் நின்றார்கள். சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மத்தியானத்துக்குள் பிளம்பர் வந்துவிட்டார்!

சாப்பிடும்போது பக்கத்திலிருந்த ராசிங்காபுரத்துப் பெண் கேட்டாள். "இம்புட்டுத் தைரியம் எங்கக்கா படிச்ச?"

இத்தனை வருடம் மறைத்ததை நானே சொன்னேன்.

"ஜெயில்ல. அங்க எனக்கு ஒரு அக்கா இருந்துச்சு."