பதினாறு இஞ்சு டயரும் பத்துப் பெண்களும்

ஆவணி 14, சனிக்கிழமை.

நம்ம பழைய பிக்கப்புக்கு டயர் மாற்ற மகன் முருகேசனோடு கடைக்குப் போனேன். வண்டிக்குப் பதினாலு இஞ்சுதான் அளவு. அவனோ பதினாறு இஞ்சு வீலும் அகல டயரும் கேட்டு, பின்பக்கம் மாட்டியும் பார்த்துவிட்டான்.

"எங்கேயும் இடிக்கலைப்பா. எம்புட்டு எடுப்பா இருக்கு பாருங்க."

"வெறும் வண்டி இடிக்காதுலே. திங்கக்கிழமை பட்டாசு லோடு ஏத்துனா பின்பக்கம் அமுங்கி, டயரு மட்கார்டுல உரசும். உரசுனா சூடேறும். மேல இருக்கிறது என்ன, உன் மாமனார் குடுத்த சீரா?"

அவன் நம்பவில்லை. எதிரே பஸ்ஸுக்கு நின்ற தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பின்னால் ஏறச் சொன்னேன்.

"ஏன் மாமா, எங்களைப் பாத்தா சிமெண்டு மூட்டை மாதிரியா இருக்கு?" என்றாள் மாரியம்மா.

"மூட்டை இம்புட்டு பேசாது தாயி. ஏறு."

வண்டியை ஓரடி நகர்த்தியதும் டயர் கறகறவென்று உரசியது. முருகேசன் கடைக்காரரிடம் பழைய அளவிலேயே நாலு டயரைக் காட்டினான்.

அதற்குள் பஸ் போய்விட்டது. பெண்கள் டயர் மாட்டும்வரை இருந்து, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியையும் அவள் தெருவிலேயே இறக்கிவிட்டோம். புது டயர் எங்கும் உரசவில்லை.

உள்ளதைச் சொன்னால், பெரிய டயரில் வண்டி மாப்பிள்ளை மாதிரிதான் நின்றது. எனக்கும் ஆசைதான். பட்டாசோடு போகிறவன் என் மகன். அதனால் என் ஆசையை அவனிடம் சொல்லவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெரிய டயர்தான் உருண்டு வருகிறது.